ரிப்போர்ட்டில் வராத சோர்வு

அன்புள்ள மாலதி,

பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் அத்தனை சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசியில், "ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். குறைந்துவிட்டது, டாக்டருக்கும் திருப்தி, எனக்குத்தான் எதிலும் மனசு ஒட்டவில்லை" என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன்னைப் போலவே, மூட்டுகள் வீங்கி வலிக்கும் இந்த முடக்குவாதத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நீ மனத்திடம் இல்லாதவள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மூட்டுகளை வீங்கவைக்கும் அதே அழற்சி மூளையையும் தொடுகிறது. டி.என்.எஃப்., ஐ.எல்-6 என்று உடம்பில் கூடிப்போகும், அழற்சியைத் தூண்டும் பொருட்கள் தூக்கத்தையும் தெம்பையும் சேர்த்தே கெடுக்கின்றன. பல ஆய்வுகளைத் திரட்டி 2013-ல் பார்த்தபோது, நம்மைப் போன்றவர்களில் சுமார் ஆறு பேருக்கு ஒருவர் கடுமையான மனச்சோர்வில் இருந்தது தெரிந்தது. லேசாக அவதிப்படுகிறவர்கள் இன்னும் அதிகம்.

வீக்கம் வடிந்த பிறகும் அசதி போகாமல் நிற்பது உண்டு. டாக்டர் அழுத்திப் பார்த்துக் கணக்கிடும் 28 மூட்டுகளில் பாதத்து மூட்டுகளே சேர்த்தி இல்லை. அப்படியிருக்க, கண்ணுக்கே தெரியாத அசதியை நாமாக வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

காலையில் விரல் மடங்காத நேரத்தில் பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் மூடியைத் திருகுவேன். வலி கூடப் பரவாயில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் தாங்காது. அந்தக் கூச்சத்தில்தான் ஒவ்வொரு அழைப்பையும் தட்டிக்கழித்து, கடைசியில் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்தேன். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்கிறவர்களிடம் விளக்கவும் அலுப்பு. உனக்கும் இப்போது அதுதான் நடக்கிறதோ என்று பயப்படுகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது மனநல ஆலோசகரிடம் பேசியது. வலி வரும்போதெல்லாம் "இனி அவ்வளவுதான்" என்று ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்த அவர்தான் பழக்கினார். பிறகு நடை, கொஞ்சமாக, ஆனால் விடாமல். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் எனக்கு எப்போதும் தள்ளாது, அன்றைக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. மனசு சரியில்லை என்று மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, தூக்கம் எப்படி, அசதி எப்படி, அழுகை வருகிறதா என்று ஒரு தாளில் எழுதி முதலிலேயே நீட்டிவிடு. சாவே மேல் என்று தோன்றுகிறதென்றால் அதுவரை காத்திருக்காதே, அன்றைக்கே வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல். எனக்கும் போன் பண்ணு, நடுராத்திரியானாலும் சரி.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. கை வலித்தால் பேத்தியை விட்டு எழுதச் சொல்.

அன்புடன்,
கௌரி