கரண்டைக்கால் விஷயமாக சேக்காளிக்கு

சேரன்மகாதேவி,
மார்கழி 20

பிரியமுள்ள சேக்காளிக்கு,

உன் போன் வந்த அன்று ராத்திரி எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கால் வலியால் இல்லை, அது தினமும் உள்ளதுதான். “அந்தக் கட்டு போடுகிறவரிடம் உன்னைக் கூட்டிப்போனது நான்தானே” என்று சொல்லிவிட்டு அப்புறம் பேச்சே இல்லாமல் இருந்தாயே, அதுதான் மனசைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1986 ஆடியில் அகத்தியர் அருவிப் பாறையில் பாசி வழுக்கி நான் விழுந்தபோது நமக்கு என்ன வயசு? 21. பாபநாசம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என்னை முதுகில் சுமந்து வந்தவன் நீ. அன்றைக்கு நம் பக்கத்தில் யார் எலும்பு முறிந்தாலும் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறவரிடம்தான் போவார்கள். உன் அப்பா போயிருந்தாலும் என் அப்பா போயிருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள். 40 நாளில் நான் எழுந்து நடந்தேன். அடுத்த வருஷம் உன் அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். உள்ளே எலும்பு கொஞ்சம் விலகி ஒட்டியிருந்தது யாருக்குத் தெரியும்?

அந்தக் கொஞ்சம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வண்ணார்பேட்டை டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். முழங்கால், இடுப்பு மூட்டெல்லாம் வயசால் தேய்வது. கரண்டை மூட்டு அப்படித் தேய்வது குறைவாம். அங்கே தேய்மானம் வந்தால் பெரும்பாலும் பின்னால் ஒரு பழைய முறிவோ பெரிய சுளுக்கோ இருக்குமாம். மூட்டுக்குள் இருக்கிற எலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் விலகினால், மேல் எலும்பும் அதுவும் தொடுகிற பரப்பில் 42 சதவீதம் குறைந்துவிடும் என்று 1976-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். நடக்கும்போது உடம்பு எடையைப் போல நாலைந்து மடங்கு பாரம் அந்த மிச்ச இடத்தில் விழுகிறது. 39 வருஷம் விழுந்திருக்கிறது. இப்போது படத்தில் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய கறுப்புக் கோடே இல்லை. எலும்பும் எலும்பும் ஒட்டி நிற்கின்றன. முன்பக்கம் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருக்கிறது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து அடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். பெருவிரலை ஊன்றித் தள்ளும்போது உள்ளே ஒரு நறநறப்பு, பழைய கதவுக் கீலில் மணல் விழுந்த மாதிரி. கொஞ்சம் நடந்தபின் தணியும். சாயங்காலம் கணு இரண்டு பக்கமும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். மாத்திரை 3 வருஷமாகப் போட்டுப் பார்த்தாயிற்று, இனிமேல் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஸ்டீராய்டு ஊசி முதல் தடவை 4 மாசம் தாங்கியது, இரண்டாம் தடவை 3 வாரம்கூடத் தாங்கவில்லை. அதனால்தான் ஆபரேஷன் பேச்சு வந்தது.

நீ உடனே, “மூட்டு மாற்றிவிடு, என் மாமியார் முழங்கால் மாற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள்” என்றாய். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் முழங்கால் கதை வேறு, கரண்டைக்கால் கதை வேறு. கரண்டையிலும் உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்து மூட்டு மாற்றுகிறார்கள், நன்றாகவும் நடக்கிறார்கள். ஆனால் இடம் சின்னது, பாரம் பெரியது. முன்பக்கத்துத் தோல் மெல்லியது, காயம் ஆறச் சிரமப்படும். 10 வருஷத்துக்குள் 100 பேரில் 10 முதல் 20 பேருக்குத் திரும்பவும் திறந்து ஏதாவது செய்ய வேண்டிவரும். அப்படித் திறக்கும்போது எலும்பு இன்னும் குறைந்திருக்கும், வேலையும் கஷ்டமாக இருக்கும்.

இன்னொரு வழி, மூட்டை ஒட்டவைத்துவிடுவது. மிச்சமிருக்கிற குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் சேர்த்து இரண்டு மூன்று பெரிய ஸ்க்ரூ முடுக்கி, ஒரே எலும்பாக வளரவிடுவது. அதற்கப்புறம் அந்த மூட்டு மேலும் கீழும் மடங்காது. மடங்காத இடத்தில் உரசலும் இல்லை. டாக்டர் இதைச் சொன்னதும் நான் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். மடங்காத காலை வைத்துக்கொண்டு வயலில் என்ன செய்ய? உன் மதினியிடம்கூட அன்றைக்குச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போனேன். அவர் என் குதிகாலை ஒரு கையில் பிடித்து, மறு கையால் பாதத்தை மேலே தள்ளி, கீழே இழுத்து, ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தார். நல்ல காலையும் அப்படியே பார்த்தார். “உங்கள் இடது கால் இப்போதே மடங்குவதில்லை ஐயா. நீங்கள் மடங்குகிறது என்று நினைப்பதெல்லாம் பாதத்தின் நடுப்பகுதி வளைவதுதான்” என்றார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. எதை இழந்துவிடுவேனோ என்று இரண்டு வாரம் மருகினேனோ, அது போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கிறது. குத்தவைத்து உட்கார்வதை விட்டேன், வீட்டில் வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தோம், களை பறிக்க மணையைக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக விட்டதால் தெரியவில்லை.

வரப்பைப் பற்றிக் கேட்டேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நம் வயல் வரப்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஒரு அடி அகலம், மழைக்காலத்தில் ஒருபக்கம் சரிந்தே கிடக்கும். பாதம் பக்கவாட்டில் சாய்ந்து கொடுப்பது கரண்டைக்குக் கீழே இருக்கிற இன்னொரு மூட்டில் என்றார். அது எனக்கு நன்றாக இருக்கிறது, படத்தில் இடைவெளி சுத்தமாகத் தெரிகிறது. மேல் மூட்டை ஒட்டவைத்தாலும் அது வேலை செய்யும். ஆனால் மேல் மூட்டின் பாரமும் அதன் தலையில் விழும், 10, 15 வருஷத்தில் அதுவும் தேய ஆரம்பிக்கலாம். இதை மறைக்காமல் சொன்னார்.

அப்புறம் ஒரு பரிசோதனை செய்தார், அதை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். வலி நிஜமாகவே எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று பார்க்க, கரண்டை மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டார். காலை 9 மணி. “இன்றைக்கு மத்தியானம் வரை நடந்து பாருங்கள், வலி எவ்வளவு குறைகிறது என்று எழுதி வையுங்கள்” என்றார். நான் நேரே பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். நெல்லையப்பர் கோயிலுக்குள் போய் எத்தனை வருஷம் இருக்கும் என்று நினைக்கிறாய்? வெறுங்காலோடு கல்தளத்தில் நடப்பதுதான் இந்தக் காலுக்கு ஆகவே ஆகாதது. ஆனித் தேருக்கு வந்தால்கூட ரதவீதியில் செருப்போடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன்.

அன்றைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். கல் குளிர்ந்து கிடந்தது. முதல் அடி வைக்கும்போது வழக்கம்போல உடம்பு முன்கூட்டியே சுருங்கியது, ஆனால் வலி வரவில்லை. இரண்டாவது அடியிலும் வரவில்லை. சாமியைப் பார்த்துவிட்டு சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதியம்மன் சன்னதிக்குப் போனேன். திரும்ப வந்தேன். திரும்பவும் போனேன். அந்த நீள மண்டபத்தில் நம் அம்மாக்கள் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன நடை எனக்கு நினைவு வந்தது. கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. மூட்டு அன்றைக்கும் மடங்கவில்லை, வலி மட்டும் இல்லை. நடையை அடைக்கும்வரை அங்கேதான் இருந்தேன்.

மூன்று மணிக்குச் சேரன்மகாதேவி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகத் திரும்பி வந்தது. முதலில் ஒரு சூடு, அப்புறம் குத்தல். ஊரில் இறங்கும்போது பழைய நொண்டல். டாக்டர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வலி அந்த ஒரு மூட்டில்தான் இருக்கிறது.

அதற்குமேல் 3 வாரம், கரண்டை அசையாதபடி காலுக்கு அச்சு எடுத்துச் செய்த பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு நடக்கச் சொன்னார். ஒட்டவைத்த கால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க இது ஒரு வழி. சமதரையில் நன்றாகவே நடந்தேன். படி ஏறினேன். வரப்பில் மெதுவாக, ஆனால் விழாமல் போனேன். கால்வாய்ச் சரிவில் நேராக இறங்க முடியவில்லை, பக்கவாட்டில் திரும்பி இறங்கினேன். சைக்கிள் மிதிக்க வந்தது. டிராக்டர் கிளட்ச் மட்டும் சரிப்படவில்லை, இடது கால் அல்லவா. அதைத் தம்பி மகன்தான் ஓட்ட வேண்டும்.

சின்ன மகள் போனில் ஒரு ஆய்வைப் படித்துக் காட்டினாள். பிரிட்டனில் நடத்தி 2022-ல் வெளியிட்டது. 50 முதல் 85 வயது வரை 303 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு மூட்டு மாற்று, பாதிப்பேருக்கு ஒட்டவைப்பு. ஒரு வருஷம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் நடையும் நிற்பதும் நன்றாகவே தேறியிருக்கிறது, இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசமில்லை. மாற்றிக்கொண்டவர்களுக்குக் காயம் ஆறுவதில் தொந்தரவு கூடுதல், ஒட்டவைத்தவர்களில் சிலருக்கு எலும்பு ஒட்டவே இல்லை. அதனால் எது உசத்தி என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு 70 வயசாகி, வீட்டோடு இருக்கிறவனாக இருந்தால், இல்லை இரண்டு காலும் இப்படி ஆகியிருந்தால், நான் மூட்டு மாற்றுப் பக்கம்தான் சாய்வேன். நான் இன்னும் மண்வெட்டி பிடிக்கிறவன். சேற்றில் நிற்கிறவன். எனக்கு ஒட்டவைப்புதான் பொருத்தம் என்று படுகிறது.

ஒட்டாமல் போகிற பயம் எனக்கும் இருக்கிறது. 100-க்கு 10 பேர் வரை அப்படி ஆகலாம். புகையிலையும் சர்க்கரையும்தான் அதற்குப் பெரிய எதிரி என்றார். வெற்றிலையோடு புகையிலை போடுவதை ஆவணியில் விட்டேன், இன்றோடு நாலு மாசத்துக்கு மேல் ஆகிறது. முதல் மாசம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. உன் மதினி கொத்தமல்லி விதையை வறுத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள், அதை மென்றே ஓட்டினேன். சர்க்கரையின் மூன்று மாசச் சராசரி 8.6-ல் இருந்து 7.4-க்கு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்கிறார்.

பிசான நெல் இப்போது பொதிப் பருவம். அம்பை 16 ரகம்தான் போட்டிருக்கிறேன், மழை தாராளமாக இருந்ததால் பயிர் கறுத்து நிற்கிறது. பங்குனிக்குள் அறுவடை முடிந்துவிடும். அதற்கப்புறம் ஆபரேஷன் என்றால் 6 வாரம் காலைத் தரையில் வைக்கவே கூடாது, மாவுக்கட்டோடு மொத்தம் 3 மாசம். ஆனி ஆகிவிடும். இந்த வருஷம் கார் சாகுபடியை என்னால் பார்க்க முடியாது. அதையும் தம்பி மகன் ஏற்றுக்கொண்டான்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு நீ எப்படியும் வருவாய். ஒரு நாலு நாள் கூடுதலாக லீவு போட்டுவிட்டு வா. டாக்டரிடம் கடைசியாகப் பேசப் போகும்போது என்கூட நீ இருக்க வேண்டும். உனக்குச் சந்தேகம் இருந்தால் அவரிடமே கேள், ஒட்டாவிட்டால் அடுத்து என்ன என்பதை நீதான் கேட்க வேண்டும், எனக்குக் கேட்க நாக்கு எழாது. நீ வேண்டாம் என்று சொன்னால் நான் இன்னொரு தடவை யோசிக்கிறேன், நிச்சயமாக. ஆனால் கட்டு போட்ட விஷயத்தை மட்டும் இனி எடுக்காதே. அந்த அருவியில் என்னை விட்டுவிட்டு நீ ஓடவில்லை. அதுதான் எனக்கு நினைவில் இருக்கிறது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அம்மா கடைசியில் வைத்திருந்த வாக்கர் உன் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றாயே, அதை மறக்காமல் எடுத்து வா. அடி ரப்பர் தேய்ந்திருந்தால் ஜங்ஷனில் மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு
உன் சேக்காளி