அணியத்தில் நின்ற கதை

கீழமணக்குடி,
ஐப்பசி, ஞாயிறு மாலை

அன்பு மக்கா,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. போனில் கூப்பிட்டால் "அமெரிக்கா போனவனுக்குத் தலை கனத்துட்டு" என்கிறாய். தலை ஒன்றும் கனக்கவில்லை, கால் முட்டுதான் கனக்கிறது. மகள் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கியே பாதி விடுமுறை போயிற்று. அங்கே பார்த்த கட்டடம், கடை, ராக்கெட் விட்ட இடம் எல்லாம் நேரில் வரும்போது சொல்கிறேன். ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் இப்போது எழுதுகிறேன். கடைசியில் உன்னிடம் கேட்க ஒரு காரியமும் இருக்கிறது, அதனால் நடுவில் தாண்டிப் போகாமல் வாசி.

மாப்பிள்ளை ஒரு நாள் "மாமா, மீன் பிடிக்கப் போவோமா" என்றார். மணக்குடிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? சரி என்றேன். ஃபுளோரிடாவின் தென்கோடியில் கீஸ் என்று தீவுக்கூட்டம் ஒன்று வில் போல வளைந்து கிடக்கிறது. தீவுக்குத் தீவு பாலம் போட்டு கீ வெஸ்ட் வரைக்கும் ரோடு. நடுவே இஸ்லமொராடா. அங்கே கடலோரமெல்லாம் முழங்கால் தண்ணீர்தான், கண்ணுக்கெட்டும் தூரம் வரை. அடியில் மணலும் கடற்புல்லும். ஃபிளாட்ஸ் என்கிறார்கள். அந்த முழங்கால் தண்ணீரில் மீனைக் காட்டிக் கொடுக்க ஓர் ஆள், ஒரு படகு, நாலு மணி நேரம், அறுநூறு டாலர். நம்ம கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல். அதைக் கேட்டதும் எனக்குத் தண்ணீரில் இறங்காமலே குளிர் எடுத்தது.

படகு நம்ம வள்ளத்தைவிடச் சின்னது. ஒரு சாண் தண்ணீர் இருந்தால் மிதக்கும். எஞ்சினுக்கு மேலே ஒரு ஸ்டூல் உயரத்துக்கு மேடை கட்டி, அதில் கைடு ஏறி நிற்கிறார். கையில் மூன்று மார் நீளத்துக்குக் கழை, மூங்கில் இல்லை, கார்பன். மேய்கிற இடம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார். சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்பது ஒன்று. எஞ்சினின் காத்தாடி கடற்புல்லைக் கிழித்தால் அந்தத் தழும்பு ஆற வருஷக்கணக்கில் ஆகும் என்பது இன்னொன்று. மனுஷனுக்கு நம்ம வயசு இருக்கும். வெயிலில் கருகின மூக்கு. கழை தண்ணீரில் இறங்குகிற சத்தமே கேட்கவில்லை.

நான் முன்னால், அணியத்தில். மக்கா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அறுபது வயசுக்கு மேல் முதல்முறையாக நான் அணியத்தில் நிற்கிறேன், வேறொருத்தன் பின்னால் நின்று கழை ஊன்றுகிறான். உன் பாட்டா வீச்சுவலையோடு அணியத்தில் நிற்க, நீயும் நானும் பின்னால் கழை குத்தின காலம் ஞாபகம் வந்துவிட்டது. சத்தம் போட்டால் கழையைப் பிடுங்கி நம்ம முதுகிலேயே போடுவாரே!

கைடு திடீரென்று "பதினோரு மணி, நாற்பது அடி" என்றார். நான் வாட்ச்சைப் பார்த்தேன், மணி ஒன்பதரை. மாப்பிள்ளை சிரிக்கமாட்டாமல் சிரித்தார். படகின் மூக்கு பன்னிரண்டு மணியாம், அதற்கு இடதுபக்கம் கொஞ்சம் தள்ளி பதினொன்று. அப்படித்தான் மீன் நிற்கிற திசையைச் சொல்கிறார்கள். திசை புரிந்தது, மீனைக் காணோம். "அங்கேதான், அங்கேதான்" என்கிறார் கைடு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பளபளப்பு.

போன்ஃபிஷ் என்று அந்த மீனுக்குப் பெயர். உடம்பெல்லாம் முள், அதனால் அந்தப் பெயர். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரிச் செதில். மணல்மேல் போனால் மணலைக் காட்டும், புல்மேல் போனால் புல்லைக் காட்டும். மீனைத் தேடாதே, நிழலைத் தேடு என்றார் கைடு. மீன் ஒளிந்துகொள்ளும், அதன் நிழல் ஒளியாது. தண்ணீரின் மேல்பளபளப்பைத் தாண்டிப் பார்க்க ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். பிசிக்ஸ் சார் கரும்பலகையில் தளவிளைவு என்று படம் போட்டபோது நாம் இரண்டுபேரும் தூங்கினோமே, அந்தத் தளவிளைவுதான். கண்ணாடியை மாட்டியதும் கண்முன்னால் ஒரு மூடியை எடுத்ததுபோல அடிமணல் தெரிந்தது. ஒரு திருக்கை சாவகாசமாகப் போனது. அந்தத் தண்ணீரில் இறங்கி நடப்பவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி உரசி நடக்க வேண்டும், இல்லையென்றால் திருக்கை முள் ஏறும் என்றார். இதை எங்க அம்மா நாம் நிக்கர் போட்ட காலத்திலேயே சொல்லிவிட்டாள், அறுநூறு டாலர் வாங்காமல்.

கடல் ஏற்றத்தில் வெள்ளம் ஏறும்போது அந்த மீன் ஆழத்திலிருந்து மேட்டுக்கு வரும், நண்டும் இறாலும் கிளறித் தின்னும். வற்றத் தொடங்கினால் இறங்கிவிடும். மூக்கை மணலுக்குள் நட்டுத் தின்னும்போது வால் மட்டும் தண்ணீருக்கு வெளியே ஆடும். கூட்டமாக வந்தால் வாலும் தெரியாது, தண்ணீர்மேல் ஒரு பதற்றம் மட்டும் தெரியும். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பேச்சு "நெர்வஸ் வாட்டர்". உன் பாட்டா "தண்ணி பதறுது பாரு மக்கா" என்பார். ஒரே பேச்சு! எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

செயற்கை ஈயைக் கட்டி வீசுகிற தூண்டிலை முதலில் தந்தார். என் கழுத்தைச் சுற்றிக் கயிறு விழுந்ததும், சாதாரண ராடும் உயிர் இறாலும் தந்துவிட்டார். முதல் மீன் இறாலை வாயில் வைத்தது. நான் நம்ம ஊர்க் கைத்தூண்டிலை வெட்டி இழுக்கிற மாதிரி இழுத்தேன். இறால் வந்தது, மீன் போயிற்று. கைடு வாய்க்குள் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. இரண்டாவது மீனுக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி நின்றேன். அது விழுங்கித் திரும்பி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, ரீலில் இருந்து தங்கூஸ் நூறு மீட்டராவது பறந்திருக்கும். முழங்கையளவு மீன், மக்கா. நான் பத்து நிமிஷம் மூச்சு வாங்கினேன்.

அதைத் தண்ணீரை விட்டு முழுசாகத் தூக்கக்கூட விடவில்லை. கையை நனைத்துக்கொண்டு பிடி என்றார், உலர்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை எடுத்துவிடும். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது, ஒரு திருகில் வந்துவிட்டது. ஃபுளோரிடாவில் 2013 முதல் அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகவே சட்டம் விடுவதில்லை, பிடித்தால் விட்டுவிட வேண்டும். பெலீஸ் நாட்டில் 2009 முதலே அப்படி. சுற்றுமுற்றும் சுறா நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து, வால் வலுத்ததும் விட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். என் தலைமுறையில் மீனைத் திருப்பி விட்டவன் யார்? இங்கே வந்து சொன்னதும் தங்கச்சி கேட்டாள், "அம்பதாயிரம் குடுத்து மீன உட்டுட்டு வந்த மணக்குடிக்காரன் நீ மட்டுந்தான் அண்ணா."

ஆனால் கேட்டுக்கொண்டே நின்ற அவள் மகனுக்கு அதுவே ஆசையாகப் பிடித்துக்கொண்டது. வளைகுடாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், கையில் ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. நம்ம காயலில் இதையே செய்யலாம், கன்னியாகுமரிக்கு வருகிற கூட்டத்தில் நூற்றுக்கு ஒருத்தன் வந்தால் போதும் என்கிறான். போன வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். இரண்டு கறுப்புக் கண்ணாடி, ஒரு ராடு.

பாலத்துக்கு வடக்கே, கண்டல் நிற்கிற கரையோரமாகப் போனோம். கண்ணாடியைப் போட்டாலும் ஒன்றுதான், கழற்றினாலும் ஒன்றுதான். பழையாறு நாகர்கோவில் சாக்கடையையும் சேர்த்துக் கொண்டுவருகிறது, தேங்காய்த் தொண்டு ஊறப்போட்ட பக்கம் மூக்கைத் திறக்க முடியாது. நீ இங்கிருந்தபோதும் அந்த நாற்றம் உண்டு, நமக்கு அது ஊர் மணம், காசு கொடுத்து வருகிறவனுக்கு? ஆனால் ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தின் கதை வேறே. இந்த மழையில் மணல் மூடிக்கிடந்த பொழி உடைந்து கடல் உள்ளே வந்திருக்கிறது. வெள்ளம் ஏறுகிற நேரம் தண்ணீர் தெளிந்து, கிழங்கான் கூட்டம் மணலை முகர்ந்து முகர்ந்து போவதை அப்படியே பார்த்தேன். நண்டு, சின்னத் திருக்கை, தூரத்தில் துள்ளுகிற மடவை. கோடையில் பொழி அடைந்தால் இதெல்லாம் கிடையாது. ஆக வருஷத்தில் சில மாதத் தொழில், அதிலும் ஏற்றத்து நேரம் மட்டும். இதை அவனுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் தொங்கியது.

உள்ளங்கையளவு செப்பலி ஒன்று கிடைத்தது. பயல் சட்டப்படி கையை நனைத்து அதை விட்டான். பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஒருத்தர் கேட்டே விட்டார்: "கொழம்புக்கு இல்லாம நிக்கிற ஆளு இஞ்ச இருக்கும்ப, வெளயாட்டாடே?" நியாயம்தானே. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கக் கூடாது என்பது என் எண்ணம். அங்கே கைடு ஊர்க்காரர், மீன் உயிரோடு இருந்தால்தான் அவருக்கு நாளைக்குக் கூலி. இங்கே கூலி என் தங்கச்சி மகனின் சட்டைப்பைக்கும், விளையாட்டு மற்றவன் மீனிலும் என்றால் கழையாலேயே அடி விழும்.

அதனால் கேள்வி கேட்ட அந்த மனுஷனையே வள்ளத்தில் ஏற்றினோம். உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் நமக்கு இரண்டு வகுப்பு மூத்தவர், இன்றைக்கும் வீச்சுவலைதான். கண்ணாடி வேண்டாம் என்றுவிட்டார். அணியத்தில் நின்றார், பயல் கழை ஊன்றினான். நான் நடுவில் உட்கார்ந்து கண்ணாடி வழியே துழாவிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை, பேசவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து இரண்டு விரலை நீட்டி மடக்கினார். பயலுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உன் பாட்டா காட்டுகிற அதே விரல்: இடதுபக்கம், மெதுவா. நான் கழையை வாங்கிக் குத்தினேன். இரண்டு வள்ள நீளம் போனதும் அவர் காட்டிய திருக்கை என் கண்ணாடிக்குத் தெரிந்தது.

இறங்கும்போது "யாரு சொல்லித் தந்தா அண்ணே" என்று கேட்டேன். உன் பாட்டாவோடு இரண்டு மழைக்காலம் போனாராம்.

இப்போது காரியம். வள்ளத்தைக் கட்டிப்போட உன் தோப்புக் கரைதான் தோது, பொழிமுகத்துக்குக் கிட்டே, தென்னை நிழல் உண்டு. நான் பயலிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறேன். கைடு வேலைக்கு வீச்சுவலைக்காரர்கள்தான், பாதிப் பணம் அவர்களுக்கு. ஒரு நாளைக்கு ஒரு வள்ளம், இரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. மீன் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. புத்தளம் உப்பளத்துப் பக்கம் பூநாரை வந்தால் அதைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளட்டும். இது ஓடும் என்று எனக்கு நிச்சயமில்லை, ஓடாவிட்டாலும் அவன் வள்ளம் அவனுக்கு இருக்கிறது. உனக்குச் சம்மதம் இல்லையென்றால் தயங்காமல் எழுது, நான் வருத்தப்பட மாட்டேன்.

தோப்புப் படலைச் சாவி மைனியிடம் இருக்கிறதா, நீ சென்னைக்கே கொண்டுபோய்விட்டாயா? பாட்டாவின் பழைய கழை அந்தக் கொட்டகை உத்திரத்தில்தானே செருகிக் கிடந்தது. கறையான் அரிக்காமல் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்கிறேன், நீ சொன்னால்.

உன் கூட்டுக்காரன்