அறிக்கை எடுக்கும் வசதியின் பெயரில் தரவுத்தளம் முழுவதும் திறந்து கிடப்பது குறித்த புகார்

அனுப்புநர்
கணக்குப் பிரிவு மேலாளர்,
பம்ப்செட் உதிரிபாக மொத்த விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
பில்லிங் மென்பொருள் நிறுவனம்,
சென்னை.

ஐயா,

தங்கள் நிறுவனம் எங்களுக்கு அமைத்துத் தந்த பில்லிங், இருப்பு மென்பொருளுடன், அவரவர் கணினியிலிருந்தே விற்பனை விவரங்களை எடுத்துக்கொள்ள வசதியாக கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்னும் அறிக்கை தயாரிக்கும் மென்பொருளின் கோப்புகளையும் எக்செல் இணைப்புகளையும் ஏற்படுத்திக் கொடுத்தீர்கள். கணக்கு, கிடங்கு, விற்பனை எனப் பிரிவு வேறுபாடின்றி எல்லாக் கணினிகளும் எங்கள் தரவுத்தளம் இருக்கும் எஸ்கியூஎல் சர்வருக்குள் நுழைவது 'எஸ்ஏ' என்னும் தலைமை நிர்வாகிக் கணக்கில்தான் என்பது, இவ்வாண்டுத் தணிக்கையின்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அறிக்கை பார்ப்பவருக்குப் படிக்கும் உரிமை போதும். 'எஸ்ஏ' கணக்கோ அந்த சர்வரில் உள்ள எந்தத் தரவுத்தளத்தையும் திருத்தவும் அழிக்கவும், புதிய பயனர்களைச் சேர்க்கவும் அதிகாரம் பெற்றது.

அக்கணக்கின் கடவுச்சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தாங்கள் தந்த எக்செல் கோப்பில் இணைப்பின் பண்புகளைத் திறந்தாலே, சர்வருடன் இணைவதற்கான விவரங்கள் அடங்கிய இணைப்பு வரியின் நடுவில் அது எழுத்துக்கு எழுத்து தெரிகிறது. கடவுச்சொல்லைக் கோப்பில் சேமிக்கும் பெட்டியில் குறியிடும்போது, அது குறியாக்கமின்றிச் சேமிக்கப்படும் என்று எக்செல் எச்சரிக்கவே செய்கிறது. அந்த எச்சரிக்கையைக் கடந்து 'ஆம்' என்று அழுத்தியவர் தங்கள் பொறியாளர். போதாக்குறைக்கு, அந்தக் கடவுச்சொல் தங்கள் நிறுவனப் பெயரும் ஒரு ஆண்டும் சேர்ந்ததாகவே இருக்கிறது. தங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் நிலை என்னவாக இருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இதில் எங்களை மிகவும் பாதிப்பது தணிக்கை விஷயம். கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி, 2023 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாக வேண்டும். அப்பதிவை நிறுத்திவைக்க வழி இருக்கக் கூடாது. தங்கள் மென்பொருள் இவ்விதிக்கு முழுவதும் உட்பட்டது என்று விலைப்புள்ளியிலேயே குறிப்பிட்டிருந்தீர்கள். ஆனால் தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து வந்தவர், எங்கள் தரவுத்தளத்தின் நகல் ஒன்றில், எக்செல் கோப்பில் கண்ட அதே கடவுச்சொல்லைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் பில் அட்டவணையை இணைத்து, பழைய பில் ஒன்றின் தொகையை மாற்றி அடுத்த வரிக்கு நகர்ந்தார். மாற்றம் அப்போதே சேமிக்கப்பட்டுவிட்டது. தங்கள் மென்பொருளின் திருத்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அந்த பில்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவேட்டை எழுதுவது தங்கள் திரைகள் மட்டுமே, தரவுத்தளம் அன்று என்பதால், வேறு வழியில் வந்த திருத்தம் அதன் கண்ணிலேயே படவில்லை. முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான் இது.

இது குறித்துத் தொலைபேசியில் கேட்டபோது, பயனருக்குத் தேவையில்லாத மெனுக்களை மறைத்திருக்கிறோம், சாதாரண ஊழியர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று தங்கள் உதவி மையம் பதிலளித்தது. ஊழியரின் அறியாமையைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள எங்களால் இயலாது.

அறிக்கைகளின் வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். பார்ட்டி வாரி நிலுவை அறிக்கையில் ஒரே ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தாலும் நெடுநேரம் ஆகிறது. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் தரவு கேட்டு சர்வருக்கு அனுப்பப்படும் வினவலைத் திறந்து பார்த்தபோது, அதில் வாடிக்கையாளர் நிபந்தனையே இல்லை. எந்த விவரங்கள் வேண்டும் என்று சொல்லும் தேர்வுச் சூத்திரத்தை சர்வர் ஏற்காத வகையில் எழுதியிருப்பதால், அட்டவணை முழுவதும் கணினிக்கு வந்து இங்கேதான் வடிகட்டப்படுகிறது. வேண்டாத விவரங்களெல்லாம் ஒவ்வொரு மேசைக்கும் வந்து சேர்கின்றன என்பதே இதன் பொருள். மேலும், தரவையும் சேர்த்தே சேமிக்கும்படி அந்த அறிக்கைக் கோப்புகள் அமைக்கப்பட்டிருப்பதால், கோப்பை மின்னஞ்சலில் பெறுபவர் கடவுச்சொல் ஏதுமின்றியே எங்கள் வாடிக்கையாளர்களின் நிலுவைகளைப் படிக்க முடிகிறது.

ஆகவே, அறிக்கைகளுக்கென்று தனிப் பயனர் கணக்குகளை, இயன்றவரை விண்டோஸ் குழுக்களின் அடிப்படையில், உருவாக்கித் தர வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் ஆயத்தமாக உள்ள 'டிபி டேட்டாரீடர்' என்னும் உரிமைத் தொகுப்பைக் கொடுத்து முடித்துவிட வேண்டாம். அது சம்பள அட்டவணை உட்பட எல்லாவற்றையும் படிக்க விடும். அட்டவணைகளிலிருந்து அந்தந்தப் பிரிவுக்குத் தேவையான விவரங்களை மட்டும் காட்டும் வியூக்களை உருவாக்கி, அவற்றை மட்டும் படிக்கும் உரிமையே தர வேண்டும். 'எஸ்ஏ' கடவுச்சொல்லை எங்கள் முன்னிலையில் மாற்றி, அக்கணக்கை முடக்கிவைக்க வேண்டும். நிலுவை அறிக்கையின் சூத்திரத்தைத் திருத்தி எழுத வேண்டும். திருத்தப் பதிவு தரவுத்தள அளவிலேயே எப்போது நடைமுறைக்கு வரும் என்பதைத் தொலைபேசியில் அல்லாமல் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும்.

இப்பணிகள் முடியும்வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்த எங்கள் நிர்வாகம் ஒப்புதல் அளிக்காது. தணிக்கையாளர் குறிப்பின் நகலும், கடவுச்சொல்லை மறைத்த திரைப்பிடிப்புகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு மேலாளர்