எங்கள் உளுந்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றுதான் உளுந்து தூற்றி முடித்தோம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் இரண்டு ஏக்கரில் 480 கிலோ கண்டிருக்கிறது. போன வருஷம் இதே வயலில் 190 கிலோதான். இந்த வித்தியாசம் என் ஒருவன் உழைப்பில் வந்ததில்லை. அதை ஊரறியச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் மாசியில் இலைமேல் வெள்ளையாகத் தெரிந்ததைச் சாலைப் புழுதி என்று விட்டுவிட்டேன். ஒரு கடையில் வளர்ச்சி டானிக் கொடுத்தார்கள், அதையும் வாங்கி அடித்தேன். பத்தே நாளில் வயல் முழுக்க விபூதி கொட்டினதுபோல் ஆகிவிட்டது. இலை பழுத்து உதிர்ந்தது, காயில் மணி பிடிக்கவில்லை. வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் நன்றி, கிராமத் தங்கல் திட்டத்தில் எங்கள் ஊரில் தங்கியிருந்த வேளாண் கல்லூரித் தங்கச்சிகளுக்கு. இந்த வருஷம் செடிக்கு 35 நாள், பூவெடுக்கிற சமயம். அவர்களில் ஒருவர் வரப்பிலிருந்து இறங்கி ஓர் இலையை விரலால் துடைத்துக் காட்டினார். மாவு மாதிரி ஒட்டியது. "அண்ணா, இது புழுதி இல்லை, சாம்பல் நோய். இப்போதே பிடித்தால்தான் உண்டு" என்றார். அப்போது வடக்கு மூலையில் ஒரு கைப்பிடிச் செடியில்தான் இருந்தது.

சாம்பல் நோய் ஒரு பூஞ்சையால் வருவது. மற்றப் பூஞ்சைகள் பலவற்றுக்கு இலை நனைந்திருக்க வேண்டுமாம். இதற்கு அது வேண்டாம். ராத்திரிக் காற்றில் ஈரமும் பகலில் வறட்சியும் இருந்தால் போதும். நெல் அறுப்புக்கு முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதை தெளிக்கிற நம் தரிசு உளுந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பி வளர்கிற பயிர். பயிருக்கு உதவுகிற அதே பனிக்காலம்தான் நோய்க்கும் தோதாகிறது. இதை அந்தப் பெண் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. சர்க்கரை எடுக்கிற பீட் பயிரிலும் இந்த வகை நோய் உண்டாம். 1974-ல் கலிபோர்னியாவில் தொடங்கி மேற்கு அமெரிக்கா முழுக்கப் பரவியதாம். அங்கே கிழங்கில் சர்க்கரை குறைகிறது, இங்கே காயில் மணி சிறுக்கிறது. அங்கேயும் கந்தகம்தான் கைகொடுத்திருக்கிறது.

உதவி வேளாண்மை அலுவலர் சார் அன்று சாயங்காலமே பைக்கில் வந்துவிட்டார். ஏக்கருக்கு 600 கிராம் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூள்), 200 லிட்டர் தண்ணீரில், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை என்று எழுதிக் கொடுத்தார். வெயில் ஏறினால் கந்தகம் இலையைக் கருக்கிவிடும், காலையிலோ சாயங்காலமோ அடி என்றார். நான் வேப்பெண்ணெயையும் சேர்த்துக் கலக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். கந்தகத்தோடு எண்ணெய் சேர்ந்தால் பயிர் வெந்துவிடுமாம். சார், அந்த ஒரு வார்த்தைக்கே நான் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, மருந்து வந்தாயிற்று, தண்ணீருக்கு எங்கே போவது? ஜனவரி 28-லேயே மேட்டூரைச் சாத்திவிடுவார்கள். மாசியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அடுத்த வயல் பெரியப்பா கேட்காமலேயே தன் போர்வெல் மோட்டாரைப் போட்டுவிட்டார். டீசலுக்குக் காசு நீட்டினால், "நோய் உன் வயலில் நின்றால்தானேடா என் வயலுக்கு வராது" என்று தள்ளிவிட்டார். பத்து லிட்டர் தெளிப்பான் டேங்கில் நாற்பது டேங்க். மேலத்தெரு சின்னம்மாவும் அவர் கூட்டாளிப் பெண்களும் குடம் குடமாக வரப்பில் சுமந்து ஊற்றினார்கள். இரண்டாம் தடவைக்கும் அவர்களே வந்தார்கள். மச்சான் தோளில் பட்டை அழுந்த அழுந்த அடித்தார்.

வடக்கு மூலை தேறவில்லை. நோய் அதற்குமேல் நகரவுமில்லை.

பிடுங்கும்போதும் சின்னம்மா கூட்டம்தான். வெயில் வந்தால் காய் வெடித்துக் கொட்டிவிடும் என்று விடியற்காலைப் பனியிலேயே இறங்கி, எட்டு மணிக்குள் களத்தில் சேர்த்தார்கள். கூலி கொடுத்தேன்தான், ஆனால் அந்த அக்கறைக்குக் கூலி என்னிடம் இல்லை.

பெரியப்பா வீட்டுக்கும் சின்னம்மா வீட்டுக்கும் உளுந்து கொடுத்தாயிற்று. தங்கச்சிகளே, நீங்கள் அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். ஆளுக்கு இரண்டு கிலோ, தோல் நீக்காமல், வெயிலில் காயவைத்துத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிப் போங்கள்.