மாடித்தோட்டச் சங்கம், வேலூர்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆடியிலும் தையிலும் விதைப் பரிமாற்றம் வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி நான் சொல்ல வேண்டியதெல்லாம் சென்ற கோடையைப் பற்றித்தான்.

வேலூரை வெயிலூர் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. 2024 கோடையில் நமக்கே அது கேலியாகப் படவில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. செடி வளர்க்கும் கறுப்புப் பையான குரோ பேக்கைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. தக்காளி பூத்த வேகத்தில் பூவைக் கொட்டியது. பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் மகரந்தம் கெட்டு, தக்காளி காய் பிடிக்காது. சத்துக் குறைவு என்று நினைத்துச் சிலர் உரத்தை அள்ளி வைத்தார்கள். வேர் கருகியதுதான் மிச்சம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து முள் கத்தரி மட்டும், காய் சிறுத்தாலும், மானத்தைக் காப்பாற்றியது.

அடுத்து, என் தவறு ஒன்று. ஆர்.ஓ. குடிநீர் வடிகட்டியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம் என்று ஏப்ரல் கூட்டத்தில் யோசனை சொன்னவன் நான்தான். நம் பகுதி போர் தண்ணீரே உப்பு. வடிகட்டியபின் அந்த உப்பெல்லாம் சேர்ந்து வருவது கழிவுநீரில்தான். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று வாரத்தில் என் வெண்டைப் பைகளின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இலையோரம் பழுப்பேறி, விரலில் பிடித்தால் அப்பளம்போல் நொறுங்கியது. நல்ல தண்ணீரைப் பையின் அடியில் வழியும்வரை விட்டு, மறுநாளும் அப்படியே செய்ததில் பாதிச் செடிகள் பிழைத்தன. என் பேச்சைக் கேட்டு நட்டப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும். ஏசி தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுநீர் மாடி கழுவ மட்டும்.

மே மாதம் சொந்த ஊருக்குப் போனவர்களின் தோட்டத்துக்கு மற்றவர்கள் முறை வைத்துத் தண்ணீர் விட்டது இந்த ஆண்டின் உருப்படியான காரியம். அதிலும் சில பாடங்கள் உண்டு. ஒரு வீட்டில் மதியம் செடி துவண்டதைப் பார்த்துப் பதறி, உடனே ஹோஸைத் திறந்துவிட்டார்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதல் அரை வாளி வெந்நீராகத்தான் வரும். அப்புறம் மாலையிலும் ஒரு முறை ஊற்றினார்கள். பத்தே நாளில் மிளகாய் வேர் அழுகிப்போனது. உச்சி வெயிலில் மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். பொழுது சாய்ந்ததும் தானே நிமிரும். மண்ணுக்குள் இரண்டு கணு அளவு விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், காலை ஏழு மணிக்குள் ஊற்றினால் போதும். மேலே தென்னை நாரோ காய்ந்த சருகோ மூடாக்காகப் போட்டவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே சமாளிக்க முடிந்தது.

பச்சை நிழல்வலையை மொத்தமாக வாங்கியதில் விலை குறைந்தது. ஆனால் கோடை மழைக்கு முந்தைய காற்றில் கொடிக்கம்பியில் கட்டிய வலைகள் எல்லாம் பறந்தன, ஒன்று அடுத்த தெரு வரைக்கும். இம்முறை இரும்புக் குழாய் நட்டுக் கட்ட வேண்டும். பணம் செலுத்த விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் விடுவதற்காக ஒப்படைத்த வீட்டுச் சாவிகளில் மூன்று இன்னும் என் மேசையில்தான் கிடக்கின்றன. உரியவர்கள் கூட்டம் முடிந்ததும் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்