லூஷோவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் பேசும்போது "என்னப்பா ஊர் இது, ஒரு ரயில்கூட இல்லை" என்று அலுத்துக்கொண்டாய். அதை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

உன் லூஷோ-டானன்பெர்க் மாவட்டத்தைப் பழைய வரைபடத்தில் பார். 1990 வரை மேற்கு ஜெர்மனியில் இருந்த அதற்கு மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி. வடகிழக்கே எல்பே ஆறே எல்லை. டோமிட்ஸில் அந்த ஆற்றைக் கடந்த ரயில் பாலத்தை 1945 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. அப்புறம் எல்லை வந்துவிட்டது, பாலத்தைத் திரும்பக் கட்டவே இல்லை. சாலைப் பாலம்கூட 1992-ல்தான் வந்தது. ரயில் இன்றும் டானன்பெர்க்கோடு நின்றுவிடுகிறது. மேற்குக் கரையில் பழைய பாலத்தின் வளைவுகள் அப்படியே நிற்கின்றன, கட்டாயம் போய்ப் பார்.

வேலிகளில் மஞ்சள் கட்டைகளை எக்ஸ் போலக் கட்டியிருப்பது ஏன் என்று கேட்டாய் அல்லவா? அது அணுக்கழிவை எதிர்ப்பவர்களின் சின்னம், உன் மாவட்டத்து ஊரான கோர்லேபனின் கதை. 1977-ல் அணுக்கழிவைப் புதைக்க அங்குள்ள உப்புப் பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லையோரம், ஆள் குறைவு, யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம்தான் என்று ஊர்க்காரர்கள் நம்பினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அவர்கள் கேட்டார்கள். 1979-ல் விவசாயிகள் டிராக்டர்களில் மாநிலத் தலைநகர் ஹனோவர் வரை போனார்கள். 1980-ல் உப்புப் பாறையைச் சோதிக்கத் துளையிடும் இடத்தில் குடிசை போட்டு, அந்த வட்டாரத்தின் பெயரால் 'சுதந்திர வென்ட்லாந்து குடியரசு' என்று பெயர் வைத்து, பாஸ்போர்ட்கூடக் கொடுத்தார்கள். 33 நாளில் போலீஸ் அதை இடித்துத் தள்ளியது. 1995 முதல் 2011 வரை கழிவு ஏற்றிய வண்டிகள் வந்த போதெல்லாம் தண்டவாளத்திலும் சாலையிலும் உட்கார்ந்து மறித்தார்கள். 2020-ல்தான் அணுக்கழிவைப் புதைக்கப் பரிசீலிக்கும் இடங்களின் பட்டியலிலிருந்து கோர்லேபன் நீங்கியது, நிலவியல் காரணங்களுக்காக. ஆனாலும் 113 கழிவுக் கலன்கள் இன்னும் அங்கே தற்காலிகக் கிடங்கில் இருக்கின்றன. அதனால் அந்த மஞ்சள் கட்டையைப் பழங்கதை என்று நினைத்துவிடாதே.

ஊர் வெறிச்சென்று இருக்கிறது என்றாயே, மாவட்டம் முழுக்கச் சேர்த்தாலும் ஐம்பதாயிரம் பேர் தேறமாட்டார்கள். ஆனால் வட்டமான ஊர்கள் அங்கேதான் இவ்வளவு மிஞ்சியிருக்கின்றன: நடுவில் திடல், அதைப் பார்த்தபடி சுற்றிலும் வீடுகள். பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ஸ்லாவிய வெண்டு மக்கள் குடியேறிய ஊர்கள் அவை. அவர்கள் மொழி பதினெட்டாம் நூற்றாண்டில் அழிந்துபோனது. லூபெல்னில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, விடுமுறையில் போய்வா.

பக்கத்து வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் 1980-ல் எங்கே இருந்தார் என்று கேள். அவர் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா