புகைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வருடம் முழுக்க ஒரே பொருளைப் பார்ப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்து, ஆரம்பகால வண்ணப் படங்களை எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. இரண்டு மழையில் போயின.

ஆரம்பமே ஒரு தகராறில்தான். உறுப்பினர் ஒருவர் தன் அப்பத்தாவின் கல்யாணப் படத்தைக் கைபேசிச் செயலியில் வண்ணமாக்கி, பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார். எல்லோரும் கைதட்டினோம். கூடவே வந்திருந்த அப்பத்தா, படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரு சேலை? என்னுது அரக்குல்ல" என்றார். செயலி கொடுத்திருந்தது கருநீலம். கறுப்பு வெள்ளையில் அரக்கும் கருநீலமும் ஒரே சாம்பலாக விழக்கூடும். செயலி ஊகித்துத்தான் பூசும். சரி, இந்த வருடம் படம் எடுத்த அன்றே நிறம் பதிந்தவை மட்டும்தான், பிறகு பூசியவை வேண்டாம் என்று விதி வைத்துக்கொண்டோம்.

முதலில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1861இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் காட்டியது ஒரு கட்டம் போட்ட ரிப்பனின் படம். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை, அதே நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார். படம் பதியும் அன்றைய கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு ஒளியே தெரியாது. பிறகு எப்படிப் பதிந்தது? ரிப்பனின் சிவப்புப் பகுதி புறஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியது, அது வடிகட்டியைக் கடந்து பதிந்துவிட்டது என்று நூறு வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ரஷ்யாவின் புரோகுதின்-கோர்ஸ்கி. இரண்டாம் நிக்கோலஸ் மன்னர் கொடுத்த ரயில் பெட்டியில் இருட்டறை அமைத்துக்கொண்டு, 1909 முதல் 1915 வரை சுற்றினார். நீண்ட ஒரே கண்ணாடித் தகட்டில் மேலிருந்து கீழாக நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பதிவுகள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் தகடுகளை 1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவர் குடும்பத்தாரிடம் வாங்கியது. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிப் பார்க்கலாம். 1911இல் எடுத்த, மத்திய ஆசியாவின் புகாரா நாட்டு அமீரின் படத்தைத் திரையில் போட்டபோது அரங்கில் பேச்சு நின்றுவிட்டது. பூப்போட்ட நீலப் பட்டு அங்கி போன வாரம் தைத்தது போல இருக்கிறது. என் மனதில் நின்றதோ, தட்டில் பழங்களோடு நிற்கும் மூன்று கிராமத்துப் பெண்களின் உடைகள்.

அவருடைய ஆற்றுப் படங்களில் தண்ணீர் மட்டும் வானவில்லாகச் சிதறும். ஏன் என்று புரிந்துகொள்ள நாமே செய்து பார்த்தோம். உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் முக்காலியை நட்டு, கண்ணாடிக் காகிதத்தை வடிகட்டியாக வைத்து, மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தோம். கணினியில் சேர்த்ததும் சுவர், குடம், துவைகல் எல்லாம் ஒழுங்காக நிறம் பெற்றன. காற்றில் ஆடிய வாழை இலையின் ஓரம் கிழிந்த பட்டுக்கரை போல ஆனது. குறுக்கே நடந்த வெள்ளைக் கோழி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோழிகளாக நின்றது!

லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் என்ற வண்ணத் தகட்டு முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஒரே தகடு போதும். சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களே அதில் வடிகட்டி. மரவள்ளி மாவில் ஆகாதா என்று கேட்ட சேலத்துக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பாரிஸ் வங்கியாளர் ஆல்பெர் கான் இந்தத் தகடுகளைக் கொடுத்து உலகெங்கும் ஆள் அனுப்பினார். 1929 பங்குச்சந்தைச் சரிவில் அவர் நொடித்துப்போவதற்குள் 72,000 படங்கள் சேர்ந்திருந்தன.

சலனப்படத்துக்கு ஒரே கூட்டம்தான் கிடைத்தது, அதில் எனக்கு வருத்தம். இங்கிலாந்தில் எட்வர்ட் டர்னர் 1902 வாக்கில் மூன்று நிறத்தில் எடுத்த சூரியகாந்தியோடு இருக்கும் குழந்தைகளைப் பார்த்தோம். அவருடைய புரொஜெக்டரால் மூன்றையும் திரையில் பொருத்த முடியவில்லை, 1903இல் இறந்துபோனார். 2012இல் பிராட்ஃபோர்டு அருங்காட்சியகம்தான் கணினியில் பொருத்திக் காட்டியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக நடந்த 1911 டெல்லி தர்பாரை இரண்டே நிறத்தில், கினிமாகலர் என்ற முறையில் எடுத்திருக்கிறார்கள். பெரும்பகுதி தொலைந்துவிட்டது. அன்று நம் வாடகை புரொஜெக்டரும் பாதியில் அணைந்தது. கடைக்காரர் முழு வாடகையும் வாங்கிக்கொண்டார். இனி அந்தக் கடை வேண்டாம்.

அடுத்த வருடத்துக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரியவர்களிடம் காட்டி, சேலை, சட்டை, வாசற்கதவு என்று நினைவிருக்கும் நிறங்களைக் கேட்டு, படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலில் எழுத வேண்டும். பேனா வேண்டாம், மை ஊறும். அப்பத்தா தன் படத்துக்குச் சொல்லிவிட்டார்: அரக்கு, மாம்பழக் கரை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் 'கோழி, 640 ரூபாய்' என்றிருப்பது விருந்துச் செலவு அல்ல. வாசலில் மாட்டியிருக்கும் படத்துக்குச் சட்டம் போட்ட கூலி.

செயலாளர்